பாக்கி இருந்த கன்னம்

கணவரின் இடது கன்னத்தை மழித்து முடித்து, ரேசரைக் கிண்ணத்து வெந்நீரில் அலசினாள். அப்போதுதான் அவர் கேட்டார்.

"எதுக்கு இதெல்லாம் பண்றே? கடமைக்கா... இல்ல, என் மேல பிரியமா?"

கேட்பதற்கு நல்ல நேரம் பார்த்தார்! டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார்.

கல்லூரியில் ஆயுசு முழுக்க அறவியல் நடத்தியவர். எதைச் செய்தால் அதிகம் பேருக்கு அதிக இன்பம் என்று கூட்டிக் கழித்த ஆங்கிலேயரை இரண்டே வகுப்பில் முடித்துவிடுவார். நல்ல பழக்கம்தான் நல்ல குணம் என்ற கிரேக்கருக்கும் அதே கதிதான். கடமையைக் கடமைக்காகவே செய் என்ற ஜெர்மானியர் வந்தால் மட்டும் குரல் ஏறும். "பிரியத்துல செஞ்சா அதுல என்ன பெருமை? நாயும்தான் பிரியத்துல வாலாட்டுது" என்பார். வகுப்பே சிரிக்கும்.

அதை வகுப்போடு விட்டிருக்கலாம். வயிற்றில் குழந்தை தங்காமல் போய் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராப்பகலாகக் கூடவே இருந்தார். "என் மேல இவ்ளோ பிரியமா?" என்று கேட்டுவிட்டாள், பாவி மகள்.

"பிரியம் இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். இது கடமை. அதான் ஒசத்தி."

அதன் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை.

இப்போது அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது ஒரு வார்த்தை. அது அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"கடமைக்குத்தான். அதானே ஒசத்தி?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "இந்தப் பக்கம் திரும்புங்க, இன்னும் முடியல" என்று எத்தனை தடவை சொல்லியும் திரும்பவில்லை. சாயங்காலம் போய்விட்டார்.

மறுநாள் கூடம் நிறையப் பழைய மாணவர்கள். "சார் மாதிரி கடமை தவறாத மனுஷன் இனிமே ஏது?" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவன் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"கடைசி வரைக்கும் எவ்ளோ பிரியமா பாத்துக்கிட்டீங்கம்மா! சார் குடுத்து வெச்சவர்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத நேத்து அவர்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாடை தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க. ஒரு கன்னம் பாக்கியிருக்கு" என்று எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த மாணவன் பின்னாலேயே வந்தான்.

"சுடுதண்ணி எதுக்கும்மா? இனிமே பச்சத்தண்ணியே..." என்று இழுத்தான்.

அவள் காதில் வாங்கவில்லை. கிண்ணத்தில் ஊற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சூடு அதிகம். கொஞ்சம் பச்சைத்தண்ணீர் கலந்து, மறுபடியும் விட்டுப் பார்த்தாள்.