நியூ எம்டன் ஒருமனதாகச் சேர்ந்தது

வந்திருந்தவர்கள்: ஹார்ம் மைண்ட்ஸ், நியூ எம்டன் சேமிப்பு வங்கியின் தலைவர். லூயெல்லா ஃபோல்கர்ட்ஸ், காசாளர். அன்றைக்குக் குறிப்பு எழுதியதும் தேநீர் ஊற்றியதும் அவர்தான். ஆர்வில் க்ரூஸ், விதை வியாபாரி, யார் பேசினாலும் நடுவில் புகுந்துவிடுவார். கோல்டன் ஃபரோ பேங்க்‌ஷேர்ஸ் கம்பெனியிலிருந்து ஸ்டாலர்ட் என்பவர், நல்ல காலணியில் பனிச்சேற்றோடு. பங்குதாரர்கள் ஒரு நாற்பது பேர், பாதிப்பேர் தொப்பியைக் கழற்றவில்லை. என் சித்தப்பா வெர்லின் ஏலர்ஸ். வங்கியின் பங்குகளில் எட்டில் ஒரு பங்கு அவருடையது. கடைசியாக நான், லோவெல். எனக்குப் பங்கு எதுவும் கிடையாது. சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை, வண்டி ஓட்ட வந்தேன்.

அயோவாவில் 1983 பிப்ரவரி அது. வங்கியின் அடித்தளக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஹாம் வைத்த ரொட்டி, பச்சை நிற ஜெல்லி, எங்கள் ஊர்க்காரர்கள் ஜெர்மனியின் கடலோரத்திலிருந்து கொண்டுவந்து இன்னும் விடாமல் வைத்திருக்கும் கறுப்புத் தேநீர். கோப்பையில் முதலில் கல்கண்டு, பிறகு தேநீர், மேலே ஒரு சொட்டுப் பாலாடை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். ஸ்டாலர்டுக்கு அது தெரியாது. லூயெல்லா ஊற்றிக்கொண்டே இருந்தார், அவரும் குடித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் நாலு கப் போனா கம்பெனிய நமக்கே எழுதிக் குடுத்துடுவான்" என்றார் ஆர்வில், அந்த ஆளுக்குக் கேட்கிற மாதிரியே.

கோல்டன் ஃபரோவின் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. நகரத்தில் இருந்த ஒரு வங்கி. பக்கத்து மாவட்டங்களில் கிளை திறக்கச் சட்டம் விடவில்லை. வங்கி எல்லை தாண்டக் கூடாது. ஆனால் ஒரு கம்பெனி எத்தனை வங்கியை வேண்டுமானாலும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதனால் வங்கியின் தலைக்கு மேல் ஒரு கம்பெனியை உட்கார வைத்தார்கள். அந்தக் கம்பெனி சிறிய ஊர் வங்கிகளை ஒவ்வொன்றாக வாங்கியது. பணம் கொடுத்து அல்ல, தன் பங்குப் பத்திரத்தைக் கொடுத்து. உங்கள் வங்கிப் பங்கைக் கொடுங்கள், எங்கள் கம்பெனிப் பங்கைத் தருகிறோம். இவ்வளவுதான் மொத்த வித்தை.

ஊரில் பெரும்பாலானவர்களுக்குச் சம்மதம். கம்பெனிப் பங்கின் விலை அப்போது ஏறிக்கொண்டிருந்தது. ஹார்முக்கு வயதாகிவிட்டது, அவர் மகன்கள் இரண்டு பேரும் கலிஃபோர்னியாவை விட்டு வரமாட்டார்கள்.

சித்தப்பாவுக்குச் சம்மதமில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நிலம் உச்ச விலையில் இருந்தபோது பக்கத்து வயலைக் கடன்பட்டு வாங்கியிருந்தார். ஒவ்வொரு மார்ச்சிலும் விதைக்கும் உரத்துக்கும் ஹார்மிடம்தான் போய் நிற்பார். ஹார்ம் தாளைப் பார்க்கமாட்டார். வேலியோரம் வண்டியை நிறுத்தி மண்ணைப் பார்ப்பார், கொட்டிலில் பன்றிகளைப் பார்ப்பார், பிறகு கை குலுக்குவார். அந்தக் கைகுலுக்கல் நகரத்துக்குப் போய்விட்டால் அதற்கடுத்த மார்ச்சில் விதை கிடையாது, விதை இல்லை என்றால் நிலம் கிடையாது. இது சித்தப்பாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

பேரத்தின் விதிகளை அச்சடித்துக் கம்பெனி அனுப்பிய தடித்த புத்தகத்தை நான் படித்திருந்தேன். பன்றி வெட்டும் ஆலையில் இரவு வேலை எனக்கு. இடைவேளையில் படிக்க வேறு எதுவும் இல்லை. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டு வந்தவன் என்றாலும் அந்த அளவு புரிந்தது. அன்று வரும் வழியிலேயே சித்தப்பாவிடம் சொன்னேன்.

"வேணாம்னு எழுதுங்க. எழுதிட்டு அப்படியே உக்காந்துடுங்க. வேற எதுவும் செய்ய வேணாம்."

"நான் ஒருத்தன் எழுதி என்னடா ஆகும்? மிச்சப் பேரெல்லாம் சரின்னுதான் போடுவாங்க."

"போடட்டும். பத்துல ஒரு பங்குக்கு மேல வேணாம்னு நின்னா அவங்க பேரத்த விட்டுட்டுப் போயிடலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க. வேணாம்னு நின்னவங்களுக்குச் சட்டப்படி ரொக்கமா குடுக்கணும் சித்தப்பா. அவங்ககிட்ட ஏது ரொக்கம்? காகிதம்தான் இருக்கு. உங்ககிட்ட எட்டுல ஒரு பங்கு. நீங்க ஒருத்தரே போதும்."

சித்தப்பா பக்கக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார்.

"ஹார்ம் வருத்தப்படுவான்."

"படட்டுமே."

"நீ படட்டும்னு சொல்லுவ. ராத்திரி முழுக்க பன்னியோட இருக்கறவன். நான் மனுசங்களோட இருக்கணும்."

ஆனால் கூடத்தில் வாக்குச் சீட்டு கைக்கு வந்தபோது வேண்டாம் என்றுதான் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையெழுத்தைக்கூட பெரிதாகப் போட்டார்.

சீட்டுகளை லூயெல்லா பிரித்து எண்ணினார். ஹார்ம் எழுந்து படித்தார். தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறியது. எட்டில் ஒரு பங்கு எதிர்ப்பு. யாருடையது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நாற்பது தலைகளும் எங்கள் பக்கம் திரும்பாமல் இருக்கக் கஷ்டப்பட்டன. ஸ்டாலர்டின் கோப்பை பாதி வழியில் நின்றது. அந்த ஆளுக்குக் கணக்குத் தெரியும். வெற்றி என்று அறிவிக்கப்பட்ட அறையில் முகம் வெளுத்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து ஹார்ம் கூட்டத்தை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த மௌனம் என்னவென்று தெரியும். தேவாலயச் சபையில் புது ஓட்டுக் கூரையா தகரமா என்று வாக்கெடுப்பு நடக்கும்; தகரம் என்றவர் தோற்பார்; தோற்றவர் எழுந்து, ஓடே இருக்கட்டும், ஒருமனதாக எழுதிக்கொள்ளுங்கள் என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், தேநீர் வரும். கூட்டுறவுக் கிடங்கிலும் அப்படித்தான், பள்ளிக் குழுவிலும் அப்படித்தான். எழுந்து அதைச் சொல்லாதவனை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இருபது வருடம் கழித்து அவன் சாவு வீட்டில் வேண்டுமானால் சொல்வார்கள்.

லூயெல்லா கெட்டிலைப் பிடித்தபடி நின்றார். ஆர்வில்கூட வாயைத் திறக்கவில்லை. நான் சித்தப்பாவின் கோட்டு நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"உக்காருங்க."

"விடுடா."

எழுந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஹார்மு, என் மனசுல பட்டத நான் எழுதிட்டேன். ஊரு வேற நெனைக்குது. சரி. ஒருமனதாவே இருக்கட்டும்."

அறை முழுக்க மூச்சு விட்டது. யாரோ கை தட்டினார்கள். ஹார்ம் மேசையைச் சுற்றி வந்து அவர் தோளைத் தட்டினார். "எனக்குத் தெரியும்டா வெர்லினு. நீ உங்கப்பன் மகன்டா."

ஸ்டாலர்ட் அதற்குள் ஒரு புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ரொம்பப் பெருந்தன்மை, மிஸ்டர் ஏலர்ஸ். வாயால சொன்னதே போதும்தான். இருந்தாலும் ஒரு முறைக்கு இதுலயும் சரின்னு போட்டுடுங்களேன். பழைய சீட்ட எடுத்துடலாம்."

சித்தப்பா போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்து நன்றி வேறு சொன்னார். லூயெல்லா இன்னொரு சுற்று ஊற்ற வந்தபோது சித்தப்பா கரண்டியைக் கோப்பைக்குள் போட்டார். முதல் கோப்பையிலேயே. அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் கேட்டேன்.

"என்ன செஞ்சீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஹார்ம் பக்கத்துலதான உக்காரணும்."

"அப்புறம் எதுக்கு மொதல்ல வேணாம்னு எழுதுனீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். தோத்தாச்சு. தோத்தவன் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"நீங்க தோக்கவே இல்ல சித்தப்பா. ஜெயிச்சிட்டு உக்காந்திருந்தீங்க."



அந்த ஞாயிற்றுக்கிழமை ஹார்ம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஓர் ஆண்டு அப்படி உட்கார்ந்தார். பிறகு கம்பெனி அவரை ஆலோசகர் என்று ஆக்கியது, அதன்பின் எதுவும் ஆக்கவில்லை. அவர் அரிசோனாவுக்கு வெயில் காயப் போய்விட்டார். தன் பங்குகளை உச்ச விலையிலேயே விற்றிருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். சித்தப்பா விற்கவில்லை. ஒருமனதாகச் சேர்ந்துவிட்டு உடனே விற்பது மரியாதை இல்லையாம். வெளியே பலகை மாறியது. நில விலை விழுந்தது, மாநிலம் முழுக்க விழுந்தது. கம்பெனி வாங்கிக் குவித்த ஊர் வங்கிகள் எல்லாவற்றிலும் அதே நிலம்தான் அடமானம் இருந்தது. கம்பெனிப் பங்கும் கூடவே விழுந்தது. சித்தப்பாவிடம் இருந்த பத்திரத்தின் மதிப்பில் ஒரு நல்ல டிராக்டர் டயர் வாங்கலாம், பேரம் பேசினால்.

ஹார்ம் இல்லாமல் இரண்டு மார்ச் எப்படியோ ஓடியது. மூன்றாவது மார்ச்சில், 1986இல், அவரை வங்கிக்குக் கூட்டிப் போனேன். நியூ எம்டன் கிளைக்கு அதுதான் கடைசி நாள். திங்கட்கிழமையிலிருந்து கணக்கெல்லாம் மாவட்டத் தலைநகருக்கு.

ஹார்மின் மேசையில் கிர்க் டால்ஹாஃப் என்பவர் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எங்களை உட்காரச் சொன்னார், பிறகு சொன்னார்:

"மிஸ்டர் ஏலர்ஸ், உங்க மனுவ நான் அனுப்பித்தான் வெச்சேன். கடன் கமிட்டி ஒத்துக்கல. நிலத்தோட இப்போதைய விலையவிடக் கடன் அதிகமா நிக்குது. விதைக்கும் குடுக்க முடியாதுன்னுட்டாங்க. ஏற்கெனவே இருக்கற கடனையும் இந்த வசந்தத்துலயே கேக்கறாங்க."

"மண்ண வந்து பாத்தாங்களா?" என்று கேட்டார் சித்தப்பா.

"கமிட்டி நகரத்துல இருக்குங்க."

"ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம். வடிகால் எல்லாம் புதுசு."

"என் கையில எதுவும் இல்லைங்க."

"தெரியும். உங்க மேல தப்பில்ல."

"இருக்கு" என்றேன் நான்.

"லோவெல்!" என்று அதட்டிவிட்டு, சித்தப்பா எழுந்து கிர்க்கின் கையைக் குலுக்கினார். கிர்க் சங்கடத்தில், கையில் எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டுமே என்று, மேசையிலிருந்த ஒரு வழுவழுப்பான சிறு புத்தகத்தை நீட்டினார். கம்பெனியின் பத்தாண்டு வரலாறு. வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் இலவசம்.

சித்தப்பா கூடத்தில் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் வங்கிக் கட்டடங்களின் படம். எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வரி. 1983: நியூ எம்டன் சேமிப்பு வங்கியின் பங்குதாரர்கள் ஒருமனதாக எங்கள் குடும்பத்தில் இணைந்தனர்.

"லூயெல்லா, நீ எழுதுனது அச்சுல வந்திருக்கு பாரு" என்றார்.

லூயெல்லா கவுண்டருக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை.

"நான் ரெண்டையுமே எழுதினேன் வெர்லின். நீ வேணாம்னதையும் எழுதினேன், அப்புறம் எழுந்து சொன்னதையும் எழுதினேன். அவங்களுக்குப் பிடிச்சத எடுத்துக்கிட்டாங்க."

"எனக்குந்தான் அது பிடிச்சுது அன்னைக்கு."

"எங்க எல்லாருக்கும் பிடிச்சுது. அதான் கேடு." டேப்பைக் கிழித்துப் பெட்டியின் மேல் அழுத்தினார். "வேணாம்னு எழுதுறப்ப நீ எங்களுக்கும் சேத்துத்தான் எழுதின. எங்கள்ல ஒருத்தராவது உன்ன உக்காரச் சொல்லியிருக்கலாம்."

"இவன் சொன்னான்" என்று என்னைக் காட்டினார் சித்தப்பா.

"இவன் சொன்னா யாரு கேப்பா?"

அது சரிதான்.

கிர்க் அறை வாசலில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு லூயெல்லாவைப் பார்த்தார். முன்பெல்லாம் மூடும் நேரம் தாண்டி யாராவது வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்தால் லூயெல்லா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நிற்பார். இப்போது சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வாசலுக்கு நடந்தார்.

சித்தப்பா புத்தகத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். படியில் நின்று, ஏதோ சொல்ல விட்டுப்போன மாதிரி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பினார். நன்றி சொல்லத்தான் திரும்பியிருப்பார், எனக்கு அவரைத் தெரியும்.

லூயெல்லா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினார்.