நீல மூடி

லிஃப்ட் மெக்கானிக் கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்தது முதல் நாளா, இரண்டாம் நாளா என்று கேட்டால் அவருக்கே நிச்சயமில்லை. டப்பா மூடியின் நிறம் மட்டும் மறக்கவில்லை: சிவப்பு.

அவருடைய மகளுக்குப் பதினான்கு வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். கோபம் வந்தால் கண்மண் தெரியாது. ஒருநாள் வகுப்பு ஜன்னலில் நாற்காலியை எறிந்தாள். இன்னொரு முறை நடந்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்றது பள்ளி. டாக்டர் மருந்து எழுதினார். அம்மா சரி என்றாள். அப்பா மசியவில்லை.

"புள்ளைய மருந்து கொடுத்துக் கட்டிப்போடணுமா? சின்ன வயசுல நானும்தான் துள்ளினேன்."

"அதான் இன்னமும் லிஃப்ட் மேல ஏறி நிக்கிறீங்க," என்றாள் மனைவி.

டாக்டர் ஒரு வழி சொன்னார். மருந்துக்கடைக்காரர் ஒரே மாதிரி கேப்சூல்களைச் சிவப்பு மூடி, நீல மூடி போட்ட இரண்டு டப்பாக்களில் தருவார். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மாவு. எதில் எது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். டப்பாவுக்கு இரண்டு வாரம். தினமும் சாயங்காலம் ஒரு எண் போட வேண்டும்: பூஜ்யம் என்றால் அமைதி, பத்து என்றால் ரகளை.

"நானே போடறேன்," என்றார் அப்பா.

முதலில் சிவப்பு மூடி. ஒரு கேப்சூலைப் பிரித்து நுனிநாக்கில் வைத்தார். கடும் கசப்பு. மாவு கசக்குமா? இதுதான் மருந்து என்று முடிவுகட்டினார், யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்த இரண்டு வாரமும் வீடு இரண்டுபட்டது. அதற்காக அவர் பொய் எண் எழுதவில்லை. இருபது வருடமாகக் லிஃப்ட் கம்பிவடத்தின் தேய்மானத்தைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதிய கை. எட்டு, ஒன்பது, எட்டு. எழுத எழுத உள்ளுக்குள் இனித்தது.

பிறகு நீல மூடி. அதிலிருந்த கேப்சூலை அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. மூன்று, இரண்டு, மூன்று.

"சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருதே, ஏம்மா?"

"பசிக்கலப்பா."

வயசுப் பிள்ளைகளின் அலட்டல் என்று விட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் அவர் கதவுப் பூட்டைப் பிரித்தபோது மகள் பக்கத்தில் உட்கார்ந்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அரை மணி நேரம் அவள் இடத்தைவிட்டு எழவில்லை. மருந்தில்லாமலே என் பிள்ளை இப்படி என்று அவருக்குக் கண் கலங்கியது.

நான்கு வாரம் முடிந்ததும், எண்கள் எழுதிய தாளை அப்பா டாக்டர் முன்னால் விரித்தார். "பாத்தீங்களா? சிவப்புதான் மருந்து. நாக்குல வெச்சே பாத்துட்டேன். மாவுலதான் புள்ள நல்லா இருந்தா!"

டாக்டர் உறையைக் கிழித்தார். சிவப்பு, மாவு. நீலம், மருந்து.

"மாவுலயும் கசப்பக் கலக்கச் சொன்னது நான்தான். நாக்குல வெச்ச அப்பா நீங்க முதல் ஆள் இல்ல."

அம்மா சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. "நீலம்தான் மருந்துன்னு எனக்கு அந்த டப்பா ரெண்டாம் நாளே தெரிஞ்சிடுச்சுப்பா. நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அதான் சொல்லல."

அவர் தன் எண்களின் மேல் விரலை ஓட்டினார். எல்லாம் அவர் கையெழுத்து.

"பசிக்கவே மாட்டேங்குதே, அதுக்கு என்ன பண்றது டாக்டர்?" என்றார் கடைசியில்.

அளவைக் குறைத்தார்கள், காலை உணவு முடிந்த பிறகு கொடுத்தார்கள். அதன்பின் நாற்காலி ஒரே ஒரு முறை பறந்தது, அதுவும் வீட்டில். பள்ளி அவளை வெளியே அனுப்பவில்லை. பத்தொன்பதாம் வயதில் டாக்டரைக் கேட்டு மருந்தை நிறுத்தினாள். இப்போது கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கிறாள். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். அந்தத் தாள் அம்மாவிடம் இருக்கிறது.