எட்டு பன்னிரண்டு

பாடப்புத்தகத்தில் புகையிரதம் எப்போதும் 'அ' என்ற ஊரிலிருந்து 'ஆ' என்ற ஊருக்குத்தான் போகும். எனக்கு அது பிடிக்காது. அப்படிப் படிப்பித்தால் பிள்ளைகளின் மண்டையில் ஒன்றும் ஏறாது என்பது என் கட்சி. அதனால் திங்கட்கிழமை மாலை, என் வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் நானே ஒரு கணக்குச் சொன்னேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் புகையிரத நிலையம் எட்டு கிலோமீற்றர். வேகம் மணிக்கு நாற்பது. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் எத்தனைக்குப் போய்ச் சேரும்?

சிவமணிதான் முதலில் செய்து முடித்தாள். ஒரு கோடு கீறி, ஒரு முனையில் வெள்ளவத்தை, 8.00, மறு முனையில் கோட்டை, 8.12. ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிற்காலத்தில் உதவும் என்று அப்படி எழுதப் பழக்கியவனும் நான்தான்.

மறுநாள் காலை எட்டு பத்தளவில் கோட்டை நிலையத்தில் குண்டு வெடித்தது. வானொலியில் நேரத்தைக் கேட்டதும் கொப்பிகளில் இருந்த 8.12 நினைவுக்கு வந்தது. வகுப்பில் பதினொரு பிள்ளைகள், பதினொரு கணக்குக் கொப்பிகள். மதியம் பாடசாலை விட்டதும் வீடு வீடாகப் போய், திருத்த வேண்டும் என்று பொய் சொல்லிப் பத்தை வாங்கினேன். அறைக்குக் கொண்டுவந்து அந்தப் பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டு, கடைசிக் கொப்பிக்காகச் சிவமணி வீட்டுக்குப் போனேன்.

அவளுடைய தாய் சிவக்கொழுந்து வாசல் படலையடியில் நின்றா.

"உங்களிட்டைத்தான் வெளிக்கிட்டனான், சேர். பள்ளிக்கூடத்தாலை வரேக்கை பிள்ளையைப் பொலிஸ் பிடிச்சிட்டுது. பையிலை இருந்த கொப்பியைப் பாத்திட்டு, எட்டு பன்னிரண்டு எண்டால் என்ன எண்டு கேக்கினம். கணக்கு எண்டால் நம்பினமில்லை."

"நீங்கள் அங்கை போனனீங்களோ?"

"ஓம். மற்றப் பிள்ளையளின்ரை கொப்பியளிலையும் அது இருந்தால் விடுறம் எண்டு இன்ஸ்பெக்டர் சொன்னவர். அதுகளை வாங்கிக்கொண்டு வாங்கோ, சேர்."



"நீங்கள் முன்னுக்குப் போங்கோ. கொண்டு வாறன்."

அவ என்னை நம்பிப் போனா.

கொப்பிகளில் இருந்த அந்தப் பக்கங்கள் சாம்பல். வேறு பிள்ளைகளைப் பொலிசுக்கு அனுப்ப எந்த வீட்டாரும் சம்மதிக்கப்போவதில்லை. மிச்சமிருக்கிற ஒரே சாட்சி நான். என் அடையாள அட்டை யாழ்ப்பாணத்து அட்டை, இங்கே தங்குவதற்கான பொலிஸ் பதிவு காலாவதியாகி மூன்று வாரம். நான் போனால் அவளை விடுவார்கள், என்னை விடமாட்டார்கள்.

பொலிஸ் நிலையம் ஒரு கிலோமீற்றர். மணிக்கு ஐந்து கிலோமீற்றர் நடந்தால் பன்னிரண்டு நிமிடம். அறைக்கு வந்து கழற்றிய சட்டையை மாட்டினேன், கழற்றினேன், திரும்பவும் மாட்டினேன். வெட்கம் என்னைத் தின்கிறது.

சிவக்கொழுந்து போனது மூன்று மணிக்கு. இப்போது ஐந்தரை. அவ இன்னும் பொலிஸ் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பா.