திருகின கை

ஆய்வுக்கூடத்தில் அவரைக் கரைசல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தீக்காயம் பட்டவர்களுக்காக அங்கே தோல் வளர்க்கிறார்கள். அந்தத் தோலைக் கழுவுகிற உப்புக் கரைசலைக் கலப்பது அவர் வேலை. கரைசலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, ரத்தத்தைப் போல ஏழு புள்ளி நாலில் நிற்க வேண்டும். இறங்கிப்போனால் தோல் வாடிவிடும். அன்று மத்தியானம் அந்தத் தோலுக்காகக் காத்துக் கிடந்தவர் ஒரு கொதிகலன் தொழிலாளி. முதுகு முழுக்க வெந்துபோனவர்.

பிரிவுத் தலைவர் வேறு யாருமில்லை, கரைசல்காரரின் தங்கை புருஷன்தான். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அந்தக் கழுத்து கீழே குனிந்ததில்லை. நாற்காலியில் உட்காருவதைக்கூட யாரோ படம் பிடிக்கிறார்கள் என்கிற நினைப்பிலேயே உட்காருவார். தங்கை வாழப்போன இடமாயிற்றே என்று எதற்கும் 'சரிங்க மாப்பிள்ளை' சொல்லிச் சொல்லிக் கரைசல்காரரின் நாக்கு தேய்ந்திருந்தது.

கழுவின பாட்டில் எடுக்கப் போன கரைசல்காரர் திரும்பி வந்தபோது, கரைசல் வடிகட்டி, அடைத்து, மூடி போட்டு நின்றது.

"எல்லாம் முடிச்சாச்சு மச்சான். ஏழு நாலு. வண்டி வந்ததும் ஏத்திவிடுங்க."

"நீங்களேவா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

கை இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. கரைசல்காரர் மீட்டரின் கம்பியைக் கழுவி, சோதித்துப் பார்க்கவென்றே கடையில் வாங்கும் ஏழாம் நம்பர் கரைசலில் விட்டார். ஏழு காட்ட வேண்டிய மீட்டர் ஏழு மூணு காட்டியது.

"மாப்ளே, இந்தக் குமிழைத் திருகினீங்களா?"

"ஆமா. ஏழு ஒண்ணுலயே அடம் பிடிச்சுது. பழைய மீட்டர்தானே, கொஞ்சம் ஏத்தி விட்டேன்."

கரைசலை விட்டுவிட்டு மீட்டரைத் திருத்தியிருக்கிறார்!

"செருப்பு கடிச்சா காலைச் செதுக்குவீங்க போலிருக்கே. இதுக்கா மாப்ளே அத்தனை வருஷம் படிச்சீங்க?"

மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. "புள்ளி மூணுதானே! யாருக்குத் தெரியப்போவுது?"

"அந்த மனுஷன் முதுகுக்குத் தெரியும்."

"வண்டி வாசல்ல நிக்குது. ஏத்துங்க. இல்லேன்னா வீட்டுல உங்க தங்கச்சிதான் படணும், பாத்துக்குங்க."

கரைசல்காரர் முதல் பாட்டிலைத் திறந்து கேனில் கவிழ்த்தார். அடுத்ததையும் கவிழ்த்தார்.

"அவகிட்டயே தாராளமா சொல்லுங்க. சமையல்ல உப்புக் கூடிட்டா அவ சமையலைத்தான் திருத்துவா, திங்கிறவன் நாக்கை இல்ல. அவளுக்குப் புரியும்."

குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். எண் தள்ளாடித் தள்ளாடி ஏறி ஏழு நாலில் உட்கார்ந்தது. மறுபடி வடிகட்டி அடைக்கத் தொடங்கினார். வெளியே வண்டிக்காரன் ஹாரனைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

மாப்பிள்ளை போனில் ஆஸ்பத்திரியோடு பேசுவது கேட்டது. "கொஞ்சம் லேட்டாகும் டாக்டர். மீட்டர்ல ஒரு கோளாறு. நல்லவேளை, நான் கண்டுபிடிச்சேன்."

கரைசல்காரருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் ஒரு ஆள் வேண்டுமே. கடைசி மூடியை இறுக்கினார்.

"மாப்ளே, நல்லாத் திருகின கையாச்சே, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் வண்டி வரைக்கும் தூக்கிட்டு வாங்க. இல்லேன்னா டாக்டர்கிட்ட மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கும்."

மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கினார். அப்போதுதான் அந்தக் கழுத்து முதல் தடவையாகக் குனிந்தது.