காரியச் சமையலில் முதலிடம்

கூகுளுக்குத் தீட்டு கிடையாது. இந்தச் சின்ன விஷயம் முன்பே தெரிந்திருந்தால் நான் இவ்வளவு சீரழிந்திருக்க மாட்டேன்.

என் பெயர் ஜெயம். திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு. என் புகுந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மடைப்பள்ளியிலும் ஊர்க் கல்யாணங்களிலும் கரண்டி பிடித்தவர்கள். மாமனார் போனபிறகு அண்ணனும் தம்பியும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தார் நாராயணசுவாமி கல்யாணம், காதுகுத்து, சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஸ்ரீகுமாருக்கு மிஞ்சியது கருமாதி. இவர் வாயே திறக்கவில்லை. அண்ணாவுக்கு எதிரே இவருக்கு வாய் என்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

காரியத்துக்குச் சமைத்த கை கல்யாணத்துக்குச் சமைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பதினாறாம் நாள் பந்தியில் என் பாயசத்தை வழித்து நக்கிவிட்டுப் போகிறவன், மகள் கல்யாணம் என்றால் என் வாசலைத் தாண்டி மூத்தார் வீட்டுக்குப் போவான். தெருவில் எதிரே பார்த்தால் சிரிக்கக்கூட யோசிப்பான். சகுனமாம்.

அந்தத் தொழிலாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. சாவு என்ன முகூர்த்தம் பார்த்தா வருகிறது? சில மாதம் வரிசையாக வரும், சில மாதம் ஊரே குத்துக்கல்லாட்டம் ஆரோக்கியமாக இருக்கும். எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிடக்கூட எங்களுக்கு வாய் கூசும்.

போன புரட்டாசியில் இவர் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தார். "தை வரைக்கும் பாப்போம் ஜெயம். அதுக்குள்ள ஒரு கல்யாண ஆர்டராவது வரலேன்னா, அண்ணாகிட்டயே காய் நறுக்கப் போயிடறேன்" என்றார்.

வடையும் பாயசமும் என் கை. ஆனால் ரசம் அவர் கை. அந்த ரசத்தைக் குடித்தவன் வேறெங்கும் ரசம் என்று பேச்செடுக்க மாட்டான். அப்படிப்பட்ட மனுஷன் கத்தியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்வதா? என் பிணத்தைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் தொழிலுக்கு அந்த வசனம் பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். மலைமேல் தாலி கட்டுவதற்குச் சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர்ச் சட்டம் தெரியாது. சமையல்காரரை அவர்கள் போனில்தான் தேடுகிறார்கள். அந்தப் போனில் நாங்கள் இருந்துவிட்டால் போதும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜேஷிடம் போனேன். அவன் நைனா, அதாவது அப்பா, முனியனின் காரியத்துக்கு நாங்கள்தான் சமைத்தோம், அந்தப் பழக்கம். 'ஜெயம் கேட்டரிங்' என்று ஒரு வெப்சைட் போட்டுக்கொடுத்தான். வாழையிலை படம், தவில் படம், யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் மருதாணிக் கை எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து 'திருத்தணி கல்யாண சமையல்' என்று தேடினேன். மூத்தார் முதலில் நின்றார். நாங்கள் எங்கே என்று பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஆடிக் கிருத்திகைக்குத் தர்ம தரிசன வரிசையில் கடைசியில் நிற்கிறவனுக்குக்கூட என்றாவது ஒருநாள் சாமி கண்ணில் படும்.

"வெப்சைட் போட்டா மட்டும் பத்தாது மாமி. கூகுள் நம்மள நம்பணும். ஜனங்க எந்த வார்த்தைய தேடிகினு இருக்காங்களோ அத நம்ம பக்கத்துல போடணும்" என்றான் ராஜேஷ்.

போட்டான். மறுநாள் பார்த்தால், 'திருத்தணி கல்யாண சமையல் வேண்டுமா? திருத்தணி கல்யாண சமையலில் சிறந்த திருத்தணி கல்யாண சமையல் எங்கள் திருத்தணி கல்யாண சமையல்' என்று பக்கம் முழுக்க ஓடுகிறது.

"இது சமையலாடா, சகஸ்ரநாமமா?" என்றேன்.

கூகுளுக்கும் அதே சந்தேகம் வந்திருக்கும். இருந்த இடத்திலிருந்தும் இறக்கிவிட்டது.

அதை அழித்துவிட்டு ராஜேஷ் அடுத்த வழி சொன்னான். "சாப்ட்டவங்கள ரிவ்யூ எழுத சொல்லுங்க மாமி. நெசமான ஆளு, நெசமான வார்த்த. அத மாதிரி ஒண்ணு கெடையாது."

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. சாப்பிட்டவர்கள் என்றால் யார்? நான் யாருக்குச் சமைத்திருக்கிறேன்? அதை ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? போனை எடுத்துவைத்துக்கொண்டு தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். எல்லாரும் தங்கமான மனுஷர்கள். ஒருத்தர் விடாமல் எழுதினார்கள்.

திருவாலங்காடு சுந்தரமூர்த்தி எழுதினார்: 'அம்மாவின் காரியத்துக்கு இவர்கள்தான் சமையல். வடை மிகவும் மென்மை. அடுத்த காரியத்துக்கும் இவர்களையே அழைப்போம்.' அந்த வீட்டில் அடுத்த இடத்தில் இருக்கும் அவர் அப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

வள்ளியம்மாள் எழுதினாள்: 'என் வீட்டுக்காரர் உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் அவர நல்லவருன்னு சொன்னதில்ல. காரியத்தன்னிக்கு இவங்க சாப்பாட்ட சாப்ட்டுட்டு எல்லாரும் சொன்னாங்க.'

மணவூர் தேசப்பன் எழுதினது இது: 'நைனா பூட்டாரு. துக்கம் தாங்கல. அழுதுகினே ரெண்டாவது தபா ரசம் கேட்டேன். அஞ்சு ஸ்டார்.'

கூகுளுக்கு இதெல்லாம் படு சந்தோஷம். நெசமான ஆள், நெசமான வார்த்தை. விறுவிறுவென்று எங்களைத் தூக்கி மேலே வைத்தது. 'திருத்தணி காரியச் சமையல்' என்று தேடினால் முதல் ஆள் நாங்கள்தான். அரக்கோணத்திலிருந்து தேடினாலும் நாங்கள்தான். எங்கள் பெயருக்குக் கீழே, ஜனங்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தைகள் என்று நான்கைத் தனியாக எடுத்துப் போட்டிருந்தது: காரியம், நைனா, பதினாறாம் நாள், ரசம். மேலே மருதாணிக் கை, கீழே இது. எந்தப் பெண்ணைப் பெற்றவன் கூப்பிடுவான்?

தேசப்பனைக் கூப்பிட்டு, அந்த நைனா சமாசாரத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கெஞ்சினேன்.

"நைனா செத்ததை எப்டிங்க எடுக்கறது?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மார்கழி பிறந்தது. இவர் கத்திகளைச் சாணை பிடித்து வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ராஜேஷும் பார்த்தான். "மாமி, நானே ஒரு கல்யாண ரிவ்யூ போட்டுர்றேன். ஒண்ணு இருந்தா போதும், மத்தது தன்னால வரும்" என்றான். பொய்யாச்சே என்றேன். ஊரே அப்படித்தான் எழுதிக்கினு இருக்குது என்றான். நானும் வாயை மூடிக்கொண்டேன். அவன் 'எங்க கல்யாணத்துக்கு ஜெயம் மாமி சமையல்தான். ஒவ்வொண்ணும் அமிர்தம்' என்று எழுதினான். எழுதினவன் கள்ளப் பெயரிலாவது எழுதினானா? இல்லை. சொந்தப் பெயர், சொந்தக் கணக்கு, பல்லெல்லாம் தெரிய அவன் போட்டோ. அந்த மகானுபாவனுக்கு அப்போதுதான் கனகம்மாசத்திரத்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து, காலையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பெரிய மீசைக்காரர் ஒருவர், பின்னால் ஒரு பெண்.

"ஜெயம் கேட்டரிங் யாருங்க?"

"நான்தான்."

"என் பேர் ராஜமாணிக்கம். கனகம்மாசத்திரத்துல டயர் கடை. இது என் பொண்ணு பிரபாவதி. தையில இதுக்குக் கல்யாணம். சமையலுக்கு ஆளு தேடிகினு இருந்துச்சு." போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "கல்யாணம்னு போட்டா மொத ஆளா மாப்பிள்ளையே வந்து நிக்கறான். சொல்லுங்க. எந்த மண்டபம்? பொண்ணு யாரு? இப்ப எங்க குடி வெச்சிருக்கான்?"

ராஜேஷின் பற்கள் போனில் பளபளத்தன.

"மலைமேல இருக்கறவருக்கு ரெண்டு சம்சாரம், ஒத்துக்கறேன்" என்றார் ராஜமாணிக்கம். "அது மலையோட சரி. கீழ இருக்கறவனுக்கு ஒண்ணுதான்."

இவர் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார். நான் மாவுக் கையோடு விழித்தேன். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு இருக்கிற ஒரே ஒரு கல்யாண ரிவ்யூவும் போய்விடும். கருமாதிக்காரி கள்ள ரிவ்யூ போட்டாள் என்று ஊரே சிரிக்கும், தைக்குள் ஆர்டர் என்பது முடிந்த கதைதான். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கும். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அழவில்லை, ஆனால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தப் பையனுக்குக் கல்யாணமே ஆகலை. நானும் கல்யாணத்துக்குச் சமைச்சதே இல்லை, ஒண்ணுகூட. எங்களுக்கு உதவி பண்றேன்னு அந்த மக்கு பொய்யா எழுதினான், நானும் சரின்னு பாத்துண்டிருந்தேன். போதுமா? நாங்க கருமாதிக்குச் சமைக்கறவா. போய் ஊர்ல விசாரிச்சுக்கோங்கோ."

அதற்குள் ராஜேஷ் வந்துவிட்டான். பிரபாவதி ஏற்கெனவே போனில் கிழித்திருப்பாள் போல. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றான். அடி விழுந்தால் ஹெல்மெட்டின் மேல் விழட்டும் என்ற முன்யோசனை. "மாமா, நெசமா யாரும் இல்ல மாமா. இப்பவே அழிச்சிர்றேன்" என்று போனை எடுத்தான்.

"அப்ப மத்ததும் இப்டித்தானா?" என்று என்னைக் கேட்டாள் பிரபாவதி. "அழுதுகினே ரசம் கேட்டாரே ஒருத்தர், அதுவும் பொய்யா?"

"அதுல ஒரு எழுத்துப் பொய் இல்லை" என்றேன். "ரசம் இவர் கை." கதவோரத்தைக் காட்டினேன். இவர் தரையைப் பார்த்தார்.

"ராத்திரியெல்லாம் அத்தினியும் படிச்சேன் நைனா" என்றாள் பிரபாவதி அவள் அப்பாவிடம். "மொதல்ல ராஜேஷ் மேல இருந்த கோவத்துலதான் படிச்சேன். அப்பால சிரிப்பு வந்துச்சு. அப்பால பசி வந்துச்சு. துக்க வீட்லயே ரெண்டாவது தபா கேட்டு வாங்கி சாப்ட்டிருக்காங்க. கல்யாண வீட்ல கேக்காமலா பூடுவாங்க?"

"அதுக்கு? காரியத்துக்கு சமைக்கிற கைம்மா" என்றார் அவர்.

"பெரிப்பா காரியத்துக்கும் இவங்கதான்னு பெரிம்மாவும் அதுல எழுதிக்குது. அந்த வடைய துண்டுல முடிஞ்சி வீட்டுக்கு எடுத்துகினு வந்தியே. துக்க வீட்லேர்ந்து ஒண்ணும் எடுத்தார கூடாதுன்னு அம்மா கத்துச்சு. அப்ப இது எந்தக் கை?"

ராஜமாணிக்கம் மீசையைத் தடவினார்.

"வடை நல்லா இருந்துச்சும்மா" என்றார் கடைசியில்.

ராஜேஷ் இன்னும் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பிரபாவதி அதைப் பிடுங்கினாள். "அழிக்காத. வேற ஆளு சமைச்சாதான் நீ எழுதனது பொய்யாவும். இவங்களே சமைச்சா, தை கழிச்சி அது நெசம்." என் பக்கம் திரும்பினாள். "தை பன்னெண்டு. ரசம் ரெண்டு தபா ஊத்தற மாதிரி வெச்சிடுங்க."

நான் மாவுக் கையாலேயே தலையாட்டினேன். மாவுக் கையால் எப்படித் தலையாட்டுவது என்று கேட்காதீர்கள், அன்றைக்கு எனக்கு எது கை எது தலை என்றே தெரியவில்லை.

அவர்கள் போனபிறகு இவரைப் பார்த்தேன். சந்தோஷமா, பயமா, முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. ஆர்டர் வந்துவிட்டது சரி, அண்ணா ஒரு குரல் கொடுத்தால் இந்த மனுஷன் ஆர்டரையும் அண்ணா காலடியில் வைத்துவிட்டு வருவாரே.

பொங்கல் முடிந்த வாரம் அந்தக் குரல் வந்தது. நான் காரியம் ஒன்றுக்காகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் கையில் மளிகைச் சாமான். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார்.

"ஸ்ரீகுமார், தை பன்னெண்டாம் தேதி எனக்கு ரெண்டு மண்டபம்டா" என்றார் மூத்தார். "ஆள் போதலை. நீ வந்துடு. காயைப் பாத்துக்கோ, இலை போடு. அடுப்புப் பக்கம் மட்டும் வந்துடாதே, வரவா பாத்தா நன்னா இருக்காது."

நான் கத்தியை நிறுத்தினேன். இவர் துவரம்பருப்பை டப்பாவில் கொட்டி, மூடி, ஓரமாக நகர்த்திவைத்தார்.

"அன்னிக்கு வர முடியாதுண்ணா" என்றார். "கல்யாணச் சமையல் ஒண்ணு இருக்கு. அடுப்புல நான்தான் நிக்கணும்."

பதிலுக்குக் காத்திராமல் இவரே போனை அணைத்தார். பிறகு புளியை எடுத்துக் கொட்டை பொறுக்க உட்கார்ந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சமாளிக்கவும் வழியில்லை. நான் நறுக்கிக்கொண்டிருந்தது பூசணிக்காய்.