ஏழரை மாளிகை

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபது வருஷமாக அதே நாற்காலி, அதே சிவப்புப் பேனா. மற்றவர்கள் பேப்பரில் செய்தி படிப்பார்கள், இவர் எழுத்துப் படிப்பார். எங்கேயோ பஸ் கவிழ்ந்தால்கூட, "பலத்த காயத்துக்குப் பழத்த காயம்னு போட்டிருக்கான் பாரு" என்றுதான் பதறுவார். அடிபட்டவன் பிழைத்தானா என்று நான்தான் வாங்கிப் படிக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் பதினெட்டுப் பிள்ளைகள், சாயங்காலம் அதே பதினெட்டு. தலையை எண்ணி ஏற்றி, தலையை எண்ணி இறக்குகிறவளுக்கு எழுத்தை எண்ண நேரம் ஏது? சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு ஒன்றுதான். எது முதலில் ஏறுகிறதோ அதற்கு இடம் கொடுத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட நான் எங்கள் பன்னிரண்டாவது கல்யாண நாளுக்கு அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் ஒரு வரி: "பெரிய வீடு வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. எனக்கென்று ஒரு அரை கிடைத்தால் போதும்." அரை என்றால் பாதி. அந்த மனுஷனில் பாதி. மீதிப் பாதியை அச்சகமே வைத்துக்கொள்ளட்டும் என்று பெரிய மனசு பண்ணி எழுதினேன். ஆயுசிலேயே ஒரு தடவை சரியான ர போட்டது அங்கேதான்.

மறுநாள் காலையில் கடிதம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. ஏழு இடத்தில் சிவப்பு. 'அரை'யை அடித்துவிட்டு மேலே 'அறை' என்று போட்டிருந்தார். அதோடு விட்டாரா? அன்று சாயங்காலமே ஸ்டோர் ரூமிலிருந்த பழைய பேப்பர், உடைந்த மின்விசிறி, மூடி இல்லாத டப்பாக்கள் எல்லாவற்றையும் காலி பண்ணினார். ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டார். கதவில் 'தனி அறை' என்று மணிமணியாக எழுதி ஒட்டிவிட்டு, "நீ கேட்ட அறை" என்று பெருமையாக நின்றார்.

கன்னத்தில் விழுவதற்கும் அறை என்றுதான் பெயர். அதைத்தான் கொடுக்கத் தோன்றியது. கொடுக்காமல், ஒன்பது நாள் பேச்சை நிறுத்தினேன்.

கோபம் சிவப்பு மைக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அந்தப் பிழையைத் திருத்தவில்லை. எழுதிக் கொடுத்தே புரியாதவருக்கு வாயால் சொன்னால் மட்டும் புரிந்துவிடுமா? தானாகப் புரியட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். புரியவே இல்லை என்றால் இன்னொரு பன்னிரண்டு வருஷமும் இப்படியே போய்விடுமே என்று உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

பத்தாம் நாள் என் நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை, நர்ஸ். வலிக்குமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்குள் ஊசியைப் போட்டுவிடுகிற ரகம்.

"ரெண்டு பேரும் சனி ஞாயிறு எங்கயாவது போயிட்டு வாங்க. நானும் வரேன். யாராவது ஒருத்தர் பேசணும்ல?" என்றாள்.

"தெற்கே போலாமே," என்றார் அவர் உடனே. தெற்கே ஒரு நகரம். பெரிய ஊர் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள், சின்ன ஊர் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அந்த ஊர் சுற்றுலாக் கையேடு இவருடைய அச்சகத்தில்தான் அச்சாகியிருந்தது. 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று போட்டிருந்த அதை எழுத்தெழுத்தாகத் திருத்தியவர் இவர். பத்து இடத்தில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. இரண்டாம் பதிப்பில் பிழை இல்லை என்று திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நான் நாத்தனாரைப் பார்த்துச் சொன்னேன். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு. ரெண்டு நாளைக்கு ஒரு பிழைகூட சொல்லக் கூடாது. சொன்னா வண்டி அங்கயே வீட்டுக்குத் திரும்பிடும். சிவப்புப் பேனா என் பையில இருக்கணும்."

ஆயுதத்தை ஒப்படைப்பதுபோல் பேனாவைக் கொடுத்தார்.

அந்த ஊர் என் பக்கம்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் இடம் மணிக்கூண்டு. நாலு பக்கமும் நாலு கடிகாரம், நாலும் நாலு மணி காட்டின. அது பரவாயில்லை. கீழே பலகையில் 'இங்கு நிர்க்காதீர்' என்று இருந்தது. அவர் நின்றார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார், பிறகு அதைக் கடித்துக்கொண்டார்.

அடுத்தது ஆற்றோர நடைபாதை. நுழைவாயிலில் ஆள் உயர எழுத்தில் 'ஆற்றங்கறை'. கறை என்றால் துணியில் படுவது என்று எனக்கே தெரிகிறது. நல்ல காற்று, நல்ல தண்ணீர், மரத்தடியில் பெஞ்சு. அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, பலகைக்கு முதுகைக் காட்டி உட்காரத்தான் இடம் தேடினார். உட்கார்ந்த பெஞ்சின் முதுகில் 'புள்வெளியில் நடக்காதீர்' என்று எழுதியிருந்தது. நல்லவேளை, அவர் முதுகு அதை மறைத்தது.

பூட்டு அருங்காட்சியகத்துக்குப் பின்னால் போனவர் வெகுநேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தால், 'ஆண்கள் கழிப்பரை' என்ற பலகைக்கு முன்னால் ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள போகலையா?" என்று கேட்டேன். பத்து நாளில் நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"போறேன்," என்றார் பல்லைக் கடித்தபடி. "கண்ண மூடிட்டுப் போலாமான்னு பாக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டாமல் திரும்பி நடந்தேன். ஆனாலும் மனசில் ஒரு வேதனை. இவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிகிறது, ஒரு வரிக்கு அர்த்தம் மட்டும் தெரியவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஒன்பது இடம் முடிந்திருந்தது. நாத்தனார் ஒவ்வொன்றாகக் கையேட்டில் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். "கடைசி ஒண்ணுதான் அண்ணி. ஏழரை மாளிகை" என்று வாசித்தாள்.

ஏதோ வியாபாரி கட்டிய வீடு. வாசல் கல்லில் 'ஏழறை மாளிகை' என்று செதுக்கியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு கட்டடத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏழு அறை. பெரிய ற. இந்த ஊர்லயும் ஒருத்தன் படிச்சிருக்கான்" என்றபடி, ஆசையாகத் தங்கை கையிலிருந்த கையேட்டை வாங்கிப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் பழக்கதோஷத்தில் நாடி பிடித்தாள்.

அச்சில் 'ஏழரை' என்று இருந்தது. சின்ன ர. இருபதாயிரம் பிரதி.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரே ஒரு பிழை சொல்லணும். வேணும்னா வண்டியத் திருப்பிக்கோ. இது என் பிழை."

என் பிழை. பன்னிரண்டு வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்து அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "சொல்லுங்க," என்றேன். வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டேன்.

உள்ளே இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குக் காவலும் அவரே, வழிகாட்டியும் அவரே. எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். இவர் நேராகப் போய்க் குற்றவாளி மாதிரி நின்றார்.

"ஐயா, இந்தக் கையேட்டத் திருத்தினது நான்தான். ஏழறைக்கு ஏழரைன்னு விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. நாளைக்கே திருத்திடறேன்."

சாவிக்காரர் கையிலிருந்த டிக்கெட் கட்டைக் கீழே வைத்தார். "அது நீங்களா! எவனோ ஏழரைய கூட்டிட்டான்னு முதல்ல நானும் திட்டினேன் சார். வரவன் எல்லாம் ஏழு ரூம எண்ணிட்டு, மீதி அரை எங்கன்னு சட்டையப் பிடிக்கிறான். ஏழுதாம்பான்னா நம்ப மாட்டேங்கறான். கடைசில துடைப்பம் வைக்கிற ரூம ஒழிச்சு, இதான் அரைன்னு காட்டிட்டேன்."

"ஐயோ," என்றார் இவர்.

"என்ன ஐயோ? முன்ன ஞாயித்துக்கிழமைல நானும் ரெண்டு பூனையும்தான் இருப்போம். இழுத்து மூடப் போறோம்னு லெட்டர் வந்துச்சு. இப்ப கூட்டத்தப் பாருங்க. ஏழு ரூம எவனும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல, எல்லாரும் அரைக்குத்தான் வரான்." அவர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "திருத்திடாதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திருத்தாதே என்று ஒருவர் கெஞ்சியது இவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அண்ணி, அண்ணா, அரைக்குள்ள நில்லுங்க, போட்டோ எடுத்து டிக் அடிச்சிடலாம்," என்று எங்கள் முறை வந்ததும் நாத்தனார் எங்கள் இருவரையும் அந்தத் துடைப்ப அறைக்குள் தள்ளினாள். ஒருவர் நின்றாலே முழங்கை இடிக்கும். இரண்டு பேர் நின்றால் மூச்சை முறை வைத்துத்தான் விட வேண்டும். அவள் பின்னால் நகர்ந்தபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடியே இல்லை.

"திறக்க வரல! சாவிக்காரரக் கூட்டிட்டு வரேன், அசையாதீங்க!" என்று வெளியே ஓடினாள். அசைய இடமிருந்தால்தானே.

மேலே சின்ன ஜன்னல். அதிலிருந்து வந்த வெளிச்சம் அவர் முகத்தில் மட்டும் விழுந்தது. எதையோ மனசுக்குள் திருத்திக்கொண்டிருந்தார்.

"அறைன்னு வர வேண்டிய இடத்துல அரைய விட்டுட்டேன்," என்று முணுமுணுத்தார். "உன் கடிதம் பாத்த மறுநாள்தான் ரெண்டாம் பதிப்புக்காக இதையும் திரும்பப் பாத்தேன். அப்பவும் கண்ணுல படல. உன் கடிதத்துல மட்டும் கவனமா..."

நிறுத்தினார்.

நான் மூச்சை விடவில்லை. என் முறை இல்லை என்பதற்காக அல்ல.

"நீ அரைன்னு எழுதினது," என்று மெதுவாகக் கேட்டார், "அரைதானா?"

"ஆமா."

"ரூம் கேக்கலையா?"

"ரூம வச்சுகிட்டு என்னங்க பண்றது? உள்ள ஆள் வேணாமா?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பாதி கேட்டேன். பாதிதானே கேட்டேன்! அதுக்குக் கதவுல பேர் எழுதி ஒட்டறீங்க!"

"கடிதம் இருக்கா?" என்றார். பையில்தான் இருந்தது, கசங்கி, நாலாக மடிந்து. கொடுத்தேன். "பேனா?" அதையும் கொடுத்தேன்.

என் தோளையே மேஜையாக வைத்து எழுதினார். அடித்த 'அரை'க்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். மேலே போட்டிருந்த 'அறை'யை அடித்தார். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினார். தப்பாக அடித்துவிட்டோம், முன்பு இருந்ததே சரி என்றால் அச்சகத்தில் அப்படித்தான் குறி போடுவார்களாம்.

"எனக்கு இதுவரைக்கும் போட வேண்டி வந்ததில்ல," என்றார்.

அப்போது கதவு திறந்தது. நாத்தனார் எங்களைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் சாத்தி வைக்கட்டுமா அண்ணி?" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை டிரிப் முடித்துப் பதினெட்டுத் தலையையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுபடி மூன்று மணிக்குத்தான் வண்டி எடுக்க வேண்டும். அதுவரை எப்போதும் நான் மட்டும்தான். பன்னிரண்டரைக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. இவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"இல்ல. ஏழரைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். திருத்தல." உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்புறம் லீவு போட்டேன். இனிமே திங்கக்கிழமைல வந்துடறேன்னு சொல்லிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து லீவுச் சீட்டின் நகலை எடுத்து நீட்டினார். அவருடைய மணிமணியான கையெழுத்தில் 'அறை நாள் விடுப்பு' என்று இருந்தது. பெரிய ற. மேனேஜர் அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி வைத்திருந்தார்.

"சீக்கிரம் கிளம்பணும்னு அவசரத்துல எழுதிட்டேன்," என்றார் காது சிவக்க. "மாத்தி எழுதித் தரச் சொல்றாங்க."

நான் அந்தச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். 'அறை'க்குக் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் 'இறுக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிடலாமா?" என்றார்.