மறுத்தலுக்கு ஓர் உதாரணம்

ரேடியோவுக்குப் பின்னால் பிரவுன் அட்டை போட்ட நோட்டைப் பார்த்ததும் ஜெயக்கொடி அதை வெடுக்கென்று எடுத்துப் பிரித்தாள். தோழி ஷரீஃபாவுக்காக ஜெராக்ஸ் எடுக்க வேண்டிய நோட்டு இதுதான். அப்படியானால் காலையில் கணவன் தயாளன் பையில் வைத்துக்கொண்டு போனது அவளுடைய ரஃப் நோட்டு. அதற்கும் அதே பிரவுன் அட்டை.

அஞ்சல் வழியில் பி.ஏ. உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். சொற்களுக்கு விளக்கம் எழுதி, அன்றாட வாழ்விலிருந்து உதாரணம் தரச் சொல்லியிருந்தார்கள். ரஃப் நோட்டில் மனதில் பட்டதை எழுதிவிட்டு, வீட்டுச் சங்கதிகளை நீக்கி நல்ல நோட்டில் எழுதுவது அவள் வழக்கம்.

'கோப இடமாற்றம்: உரியவரிடம் காட்ட முடியாத கோபத்தை வேறொன்றின் மேல் காட்டுவது. உதாரணம்: வீட்டுக்காரரைத் திட்ட முடியாமல் பச்சையம்மா அக்கா குழாயடியில் குடத்தை ணங்கென்று வைப்பது.'

அதுவாவது பரவாயில்லை. அடுத்த பக்கம்?

'மறுத்தல்: தாங்க முடியாத உண்மையை ஏற்காமல், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல் இருப்பது. உதாரணம்: கம்பெனி மூடி மூன்று மாதமாகியும் என் கணவர் தினமும் டிபன் எடுத்துக்கொண்டு கிண்டிக்குக் கிளம்புவது.'

அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. துவைக்கும் சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனை வராமல் போனபோதுதான் சந்தேகம் வந்தது. கம்பெனி கேட்டில் பூட்டு தொங்குவதாக ஷரீஃபாவின் அண்ணன் சொல்லி உறுதியானது.

'சொல் விளக்கம் இருக்கிற பக்கம் மட்டும் போதும்' என்று அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். புரட்டிப் பார்க்காமல் எப்படி எடுப்பான்?

வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். எதிரே ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்பில் ஒவ்வொரு பஸ்ஸாக நின்று போனது.

"இன்னாடி, புருஷன் போன ரோட்டையே பார்த்துகினு கீற? கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆச்சு, இன்னுமா ஆசை தீரல?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா.

"இல்லக்கா, போஸ்ட்மேன் வரணும்."

பதற்றம் என்ற சொல்லுக்கு எவ்வளவு சுலபமாக விளக்கம் எழுதினாள். இப்போது உள்ளங்கை வேர்த்து வழிந்தது. சின்னச் சொல்லுக்கும் முகம் வாடுகிறவன் அவன். கடைக்காரரும் சேர்ந்து படித்திருந்தால்? தாம்பரம் ஸ்டேஷன், தண்டவாளம்... தலையை உதறிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு தயாளன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஒரு நாளும் ஆறரைக்கு முன் வந்ததில்லை.

உள்ளே வந்து நோட்டை நீட்டினான். "ஜெராக்ஸ் எடுக்கல."

அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். 'மூன்று' என்பதை அடித்து, 'நான்கு' என்று எழுதியிருந்தான்.

"வேலை தேடாம இல்ல, ஜெயா. தேடிட்டு ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருப்பேன்." குரல் இறங்கியது. "ஆனா நீ? தெரிஞ்சும் தினம் காலைல டிபன் கட்டிக் குடுத்தியே, அதுக்கு இன்னா பேரு? உன் புக்ல போட்டிருக்கா?"

அவள் 'மறுத்தல்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

"இதேதாங்க. நீங்க வாயால சொல்லிட்டா நெஜமாயிடுமேன்னு எனக்கும் பயம்."

அவன் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வைத்தான். அவள் மூடியைத் திறந்தாள். எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. ஒரு தட்டு எடுத்து வந்து பாதியைப் பிரித்துப் போட்டாள்.

"நாளைக்கு டிபன் கட்டாத."

"சரிங்க."

நாளைக்கு என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.